என் மகள் சொன்ன பிச்சோ

மலையாள தேசத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் வீடு கடைக்கு மேலே இருக்கிறது. கீழே மிளகாய் வத்தல், கொத்தமல்லி, புளி மொத்த வியாபாரம். மேலே நாங்கள் மூன்று பேர். காலையில் கண் விழித்ததிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சாயா ஆயிற்றா என்று கீழேயிருந்து கணவர், சிலிண்டர் கொண்டு வருகிறவர், கூரியர்காரர், ஃபோனில் திருநெல்வேலியிலிருந்து அக்கா. எல்லோருக்கும் நான் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் குரலும் கூடவே வந்துவிடும். "என் பேர என்ன ஏலமா போடுதிய?" என்று நான் படிக்கட்டில் நின்று கத்தியதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் என்னைக் கூப்பிடாத ஒரே ஆள் என் மகள்.

மூன்று வயது முடிந்தும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. அம்மா என்றில்லை, ஏய் என்றுகூட இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வந்து என் மணிக்கட்டைப் பிடிப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கரண்டியை எடுத்துப் போவதுபோல என் கையை எடுத்துப் போய்ச் செம்பின் மேல் வைப்பாள். தண்ணீர் குடித்ததும் கையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அந்த வார்த்தை எனக்கு உடனே உறைக்கவில்லை. இந்தக் கரண்டி சமாச்சாரம்தான் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அவள் ஏபிசிடி சொல்ல வேண்டாம், பாட்டுப் பாட வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று நினைத்து எனக்காக ஒரு தடவை ஒரு சத்தம் போட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் அவள் தாடையைப் பிடித்து, வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒரு தடவை நான், ஆமாம், உங்களுக்கும் ஒன்று தரட்டுமா, நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகள் எங்களுக்கு வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

அவளை முதலில் சேர்த்த நர்சரியில் ஒரு யோசனை சொன்னார்கள். பிள்ளை குழம்பிப்போகிறது, வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், அதனால்தான் வாய் திறக்கவில்லை, இனி வீட்டிலும் மலையாளம் மட்டும் பேசுங்கள் என்றார்கள். என் கணவருக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அவர் இந்தத் தெருவில் பிறந்தவர். அவருடைய தமிழே பாதி மலையாளம்தான். நான் கல்யாணமாகி வந்தவள். என் மலையாளம் டிவி சீரியலிலும் காய்கறிக் கடையிலும் பொறுக்கியது. விலை கேட்கவும் சண்டை போடவும் போதும், கொஞ்சுவதற்குப் போதாது. "மோளே, இவிடெ வா" என்று நான் சொன்னால் வரி கட்டச் சொல்வதுபோல இருக்கும். கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

சிரிப்பு கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடா, கண்ணில் சோப்பு போயிற்றா, இந்தக் குட்டிக் காலில் எத்தனை அழுக்கு என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தவள். இப்போது ஒவ்வொன்றுக்கும் மலையாள வார்த்தையைத் தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் குளியல் முடிந்துவிடும். கடைசியில் ஒன்றும் பேசாமலே துவட்டுவேன். பேசாத பிள்ளைக்குப் பேசாத அம்மா அமைந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தெரபிஸ்டைப் பற்றித் தெரிந்துகொண்டு போக ஆரம்பித்தோம். கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தத்துக்கு மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, குதிகால் தரையில் படாமல், விரல் நுனியிலேயே நடப்பாள். எப்போதும் அப்படித்தான் நடப்பாள். வீட்டில் அவள் நடந்து வருவது யாருக்கும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் நிற்பாள், அவ்வளவுதான்.

அந்த தெரபிஸ்ட் நெடுமங்காட்டுப் பக்கத்துச் சின்னப் பெண். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டதால் நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் தரையில்தான். அறையில் மெத்தைகள், பெரிய பந்து, கூரையிலிருந்து தொங்கும் துணி ஊஞ்சல், ஒரு பக்கம் தாழ்வான மரப் பலகை. பேச வைக்க வேண்டும் என்று வந்தால் சர்க்கஸ் கூடாரத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களே என்று எனக்குள் புகைந்தது. முதல் நாள் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. மகளைத் துணி ஊஞ்சலில் உட்கார வைத்து ஆட்டினார். பிறகு பிடித்து நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார்.

அந்தச் சும்மா இருந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருந்தது கிடையாது. நான் கேள்வி கேட்டால் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். மிஸ் ஊஞ்சலைப் பிடித்தபடி, புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி, என் மகளுடைய முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். ஆட்டுங்களேன், பிள்ளை அழப்போகிறது என்று என் வாய் வரை வந்தது. மகள் கயிற்றைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸின் கண்ணைப் பார்த்தாள், நேராக. அந்த நொடியே மிஸ் "ஆடு" என்று சொல்லி ஊஞ்சலைத் தள்ளிவிட்டார். என் கண் முன்னால் ஒரு கதவு திறந்து மூடியது போலிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த ஒரு பார்வையை அந்தப் பெண் வெறுமனே காத்திருந்தே வாங்கிவிட்டார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

உடம்பு அசைகிற நேரமும் வார்த்தை காதில் விழுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மிஸ் பிறகு விளக்கினார். முன்னால் சொன்னால் அது வெறும் சத்தம், பின்னால் சொன்னால் அதற்குள் பிள்ளை வேறு எங்கோ போய்விட்டிருக்கும். ஆடும்போதே ஆடு, ஏறும்போதே ஏறு. நான் உடனே பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, மகளைச் செருப்புப் போட வைக்கும்போது என் மலையாளத்தில் ஏதோ சொன்னேன். மிஸ் நிமிர்ந்து பார்த்தார். தமிழ்க் குடும்பம்தானே, ஏன் இப்படி என்று கேட்டார். நர்சரியில் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சேச்சிக்கு தேஷ்யம் வரும்போ ஏது பாஷையா வாயில வரணது?"

கோபம் வரும்போது எந்தப் பாஷை வாயில் வருகிறது என்று கேட்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்தான், அதுவும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் என்றேன்.

"ஆ பாஷ மதி," என்றார். அந்தப் பாஷை போதும். இரண்டு பாஷை கேட்பதால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை, அம்மா வாயடைத்துப் போவதுதான் நஷ்டம் என்றும் சொன்னார்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் பேசிய பேச்சு! சேர்த்து வைத்திருந்தது எல்லாம் மடை திறந்துகொண்டது. இது ஜன்னல், அது மரம், அந்த மாமா தூங்குதாரு, ஏட்டி கையை வெளிய நீட்டாத என்று ஒன்று விடவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். கேட்டாளோ இல்லையோ, சாய்ந்திருந்தாள்.

குதிப்பது என்றால் என்ன என்று நான் யோசித்துப் பார்த்ததே கிடையாது. அந்தத் தாழ்வான பலகையிலிருந்து இரண்டு காலும் சேர்த்துக் கீழே குதிக்க வைக்க மிஸ் எத்தனையோ வாரம் பாடுபட்டார். மகள் பலகை விளிம்பில் விரல் நுனியில் நிற்பாள். பிறகு ஒரு காலை மட்டும் எட்டி வைத்து இறங்கிவிடுவாள். படி இறங்குவதுபோலத்தான். இது என்ன பிரமாதம், குதித்தால் குதிக்கிறது என்று நினைத்து வீட்டுக்கு வந்து அடுக்களையில் நானே குதித்துப் பார்த்தேன். முதலில் குதிகால் தரையில் ஊன்ற வேண்டும். பிறகு முழங்கால் மடங்க வேண்டும். கை தானாகப் பின்னால் போகிறது. இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட வேண்டும். விட்ட பிறகு ஒரு துளி நேரம் கீழே ஒன்றுமில்லை. தரை மறுபடி வரும் என்ற நம்பிக்கையில் மட்டுமே உடம்பு அந்த நேரத்தைக் கடக்கிறது. இத்தனையையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் எந்த வயதில் கற்றுக்கொண்டேன்? தெருவில் ஓடுகிற ஒவ்வொரு பிள்ளையும் எப்படிக் கற்றுக்கொண்டது? அடுப்பில் குழம்பு பொங்குவதுகூடத் தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து மனுஷர்கள் சாதாரணமாக நடப்பதையே நான் கொஞ்சம் வாய் பிளந்துதான் பார்க்கிறேன்.

வீட்டில் கனமான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மிஸ் ஒரு நாள் கேட்டார். இழுப்பது, தள்ளுவது, சுமப்பது இந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு நிதானம் தரும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கனத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கீழே சுவர் தெரியாமல் மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, அட்டி அட்டியாக அடுக்கியிருக்கின்றன. அன்றைக்கே மகள் தூக்குகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துணிப் பைகள் தைத்து, மல்லியை நிறைத்து வாயைக் கட்டிக் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்கு அறை நடந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். வியாபாரி மகள் அட்டி போடுகிறாள் என்று என் கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தப் பைகள் வந்த பிறகுதான் அவள் அந்தச் சத்தத்தைப் போட ஆரம்பித்தாள். கடையிலிருந்து மேலே வரும் மரப் படிக்கட்டில் சில படி ஏறி நிற்பாள். பையை முன்னால் நீட்டுவாள். "பிச்சோ" என்பாள். பிறகு பை கையிலிருந்து விழும். அவள் அழுவாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிச்சி! பிச்சிப்பூ! எங்கள் பக்கத்தில் ஜாதிமல்லிக்கு அதுதான் பெயர். இங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்கள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து தினமும் வருகிற பிச்சியை நான் வாங்கித் தலையில் வைத்துக்கொள்வேன், அவள் அதன் வாசனையில் என் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். என் மகளுடைய முதல் வார்த்தை நான் பிறந்த ஊரின் வார்த்தை. அக்காவுக்கு ஃபோன் செய்து அழுதேன். அக்காவும் அழுதாள். கணவர் மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பிச்சியா அவ பறயுறா? கடைசியில ஓ இருக்கே," என்றார். பிள்ளை வாயில் இ எல்லாம் ஓ ஆகும், உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அதிலிருந்து கிழக்கேகோட்டைப் பூக்காரம்மாவிடம் தினமும் எனக்கு ஒரு முழம், அவளுக்கு ஒரு முழம். "பிச்சோ" என்றதும் ஓடிப் போய்ப் பூவை நீட்டுவேன். அவள் அதைப் பிய்த்து எறிவாள். தலையில் வைத்தால் தீப்பட்டதுபோலக் கத்துவாள். பிறகு இன்னும் கொஞ்சம் அழுது, பையை மறுபடி எடுத்துக்கொண்டு மறுபடி படி ஏறி, மறுபடி "பிச்சோ". நான் மறுபடி பூ. எங்கள் படிக்கட்டில் கோயில் நடை மாதிரி பூ சிதறிக் கிடந்தது. கேட்டதைத்தானே தருகிறேன், பின்னே ஏன் அழுகிறாய் என்று ஒரு நாள் நானும் அவளோடு உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு லாரி விடிந்ததும் வரும். சுமட்டுத் தொழிலாளிகள் வந்து மூட்டை இறக்குவார்கள். அந்த நேரத்தில் மகள் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். லாரிச் சக்கரத்தைப் பார்க்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். சுற்றுகிற எதையும் அவளுக்குப் பிடிக்கும். ஒரு நாள் பல் தேய்க்க எத்தனை இழுத்தும் ஜன்னலை விட்டு வரவில்லை. சரி, கிடக்கட்டும் என்று சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

லாரி மேல் ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் மூட்டையை விளிம்புக்கு உருட்டிக் கொண்டுவந்து ஒரு குரல் கொடுக்கிறார். கீழே இருப்பவர் குதிகாலை ஊன்றி, முழங்காலை மடக்கி, பிடரியில் வாங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு மூட்டைக்கும் அதே குரல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் என் காதில் விழுந்திருக்கிறது. பஸ் சத்தத்தோடு சேர்த்து நான் அதைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

"பிடிச்சோ!"

பிடித்துக்கொள் என்பதற்கு மலையாளம். அவர் அவசரத்தில் நடுவில் இருக்கும் 'டி' எழுத்தைப் பாதி விழுங்கிவிடுகிறார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். பக்கத்தில் ஏதோ மாறியது. திரும்பிப் பார்த்தால் என் மகளுடைய குதிகால்கள் இரண்டும் தரையில் இருக்கின்றன. வாரக்கணக்காக மிஸ் கெஞ்சியும் தரைக்கு வராத குதிகால்கள். முழங்கால் மடங்கியிருக்கிறது. கை இரண்டும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. மூட்டை பிடரியில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து, மறுபடி விரல் நுனிக்குப் போனாள். அடுத்த குரலுக்கு மறுபடி குதிகால், மறுபடி முழங்கால். கீழே லாரியில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே ஜன்னலுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், என் பிள்ளை ஒவ்வொரு மூட்டையையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பூ கேட்கவே இல்லை. பையை நீட்டி, பிடித்துக்கொள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பூ வாங்க ஓடிக்கொண்டிருந்தேன்.

வருத்தம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒருவிதத் திகைப்பு. நர்சரி மலையாளத்தையும் அவள் எடுக்கவில்லை, என் தமிழையும் எடுக்கவில்லை. உடம்பும் வார்த்தையும் ஒரே நொடியில் சேர்கிற இடத்தை அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அதிலும் எந்த வார்த்தை! எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டால் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை. நான் விடப்போகிறேன், நீ இருக்கிறாய் அல்லவா என்று கேட்கிற வார்த்தை அது. தனி உலகத்தில் இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்ன என் மகள், இரண்டு பாஷையில் இருக்கிற அத்தனை வார்த்தையிலும் அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள்.

பல் தேய்ப்பதை மறந்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் அவள் வழக்கமாக நிற்கும் படியில் நிறுத்தி, பையைக் கையில் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி நின்றேன். குதிகாலை ஊன்றினேன். முழங்காலை மடக்கினேன். கையை நீட்டினேன். பிறகு மிஸ் மாதிரி சும்மா இருந்தேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் என் கையைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பிச்சோ."

பை வந்து என் நெஞ்சில் விழுந்தது. பிடித்துவிட்டேன். மல்லி வாசனை முகத்தில் அடித்தது. அவள் இரண்டு கையையும் உதறி உதறிச் சிரித்தாள், அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். பையைத் திருப்பிக் கொடுத்தேன். பிச்சோ, பை, பிடித்தேன். மறுபடி. மறுபடி. சத்தம் கேட்டுக் கணவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கையைக் காட்டி, பேசாதீர்கள் என்று சைகை செய்தேன்.

அப்போதுதான் அவள் பையைப் பக்கத்தில் வைத்தாள். படி விளிம்புக்கு வந்தாள். குதிகால் படியில் ஊன்றியிருந்தது. முழங்கால் மடங்கியது. இது அந்தத் தாழ்வான பலகை இல்லை, கீழே மெத்தை இல்லை, நான்தான் இருக்கிறேன்.

"பிச்சோ," என்றாள். இரண்டு காலும் ஒன்றாகப் படியை விட்டன.

அவள் கீழே ஒன்றுமில்லாமல் இருந்த அந்தத் துளி நேரத்தை நான் பார்த்தேன். அவள் தரையை நம்பிக் குதிக்கவில்லை, என்னை நம்பிக் குதித்தாள். பிடித்தேன். பிடித்த வேகத்தில் இரண்டு பேருமாகப் பின்னால் இருந்த புளி மூட்டை மேல் போய் விழுந்தோம். என் இடுப்பு ஒரு வாரம் வலித்தது. அவள் என் மேல் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ சாடினாளா?" குதித்தாளா என்று கணவர் கேட்டார். "ரெண்டு காலும் சேத்தா?"

நான் மூட்டை மேல் கிடந்தபடியே தலையாட்டினேன். லாரியிலிருந்து இன்னொரு பிடிச்சோ கேட்டது. அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஒரு நிமிஷத்தில் அவருக்கும் விளங்கிவிட்டது. சுமட்டுக்காரர்களின் பாஷையை அல்லவா நம் மோள் படித்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். வத்தல் தூசி என்றார். அன்றைக்கு இறங்கியது வத்தல் இல்லை, புளிதான்.

அடுத்த தடவை போனபோது மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நகர்ந்து உட்கார்ந்து, என்னைப் பலகைக்கு எதிரே நிற்கச் சொன்னார். மகள் பலகையில் ஏறினாள், என்னைப் பார்த்தாள், பிச்சோ என்றாள், குதித்தாள். மிஸ் தரையில் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பினார். "சேச்சி, இனி பூ வாங்கண்டா," என்றார், இனிமேல் பூ வாங்க வேண்டாமாம். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்த வார்த்தையை அவர் திருத்தவே இல்லை. பிடிச்சோ என்று சொல்லு மோளே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பந்து எறிவதற்கும் பிச்சோ, ஊஞ்சலுக்கும் பிச்சோ என்று அவரும் அதையே எடுத்துக்கொண்டார். என் கணவர் சுமட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட, மறுநாள் லாரி மேல் நின்றவர் மாடி ஜன்னலைப் பார்த்து ஆசையாக ஒரு பெரிய பிடிச்சோ போட்டார். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பழைய சத்தத்துக்கே வந்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் இனி அவள் கடகடவென்று பேசியிருப்பாள் என்று நினைக்கக்கூடும். இல்லை. தண்ணீருக்கு இன்னமும் என் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறாள். ஆடு, ஏறு, வேண்டாம் என்று சில வார்த்தைகள் வந்திருக்கின்றன, சில நாள் வந்து சில நாள் வராது. தெரபிக்கு இன்னமும் போகிறோம். என் வாய் மட்டும் பழையபடி ஓயாமல் ஓடுகிறது, திருநெல்வேலித் தமிழில்.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பின்னறையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மத்தியானம். கணவர் கீழே கடையில். மகள் முன்னறையில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக் கிடந்தபோது மரத் தரையில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் குதிகால் ஊன்றி நடந்து வருகிறாள். விரல் நுனியில் நடந்த காலத்தில் அவள் வருவது எனக்குக் கேட்டதே இல்லை. சத்தம் அறை வாசலில் வந்து நின்றது.

"பிச்சோ."

பதறி எழுந்தேன். எதன் மேல் ஏறி நிற்கிறாளோ, எங்கிருந்து குதிக்கப்போகிறாளோ என்று பார்த்தேன். அவள் ஒன்றின் மேலும் ஏறியிருக்கவில்லை. சமதரையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பை இல்லை. முழங்கால் மடங்கவில்லை. தண்ணீர் வேண்டுமோ என்று கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. நான் படுத்திருந்த பக்கம் பார்த்து, கடைசியைக் கொஞ்சம் இழுத்து, இன்னொரு தடவை சொன்னாள்.

"பிச்சோ?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது என் பெயர்.

"இங்கதான் இருக்கேன் பிள்ள," என்றேன்.

கேட்டுக்கொண்டாள். திரும்பி முன்னறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.